அக்கா கொடுத்த மருந்து

மார்ச் 4, செவ்வாய்

காலையில் துணிக்கடை லிஃப்ட். நான்காவது மாடியில் கதவு மூடுவதும் திறப்பதுமாக இருக்கிறது என்று மூன்று நாளாகப் புகார். கதவு ஓடும் தடத்தில் ஒரு சட்டைப் பொத்தான் மாட்டிக்கொண்டிருந்தது. ஒரே ஒரு பொத்தான். அதை எடுக்க நானும் மீசையும் குனிந்து நிமிர்ந்து ஒரு மணி நேரம். அவர் மீசையை வழித்து ஐந்து வருஷமாகிறது. கம்பெனியில் யாரும் அவருக்கு வேறு பெயர் வைக்கத் தயாராக இல்லை.

சாயங்காலம் மகள் வாலுவை டான்சில் டாக்டரிடம் கூட்டிப்போனேன். மாதம் தவறாமல் தொண்டைவலி, காய்ச்சல். எடுத்துவிடலாம் என்றார். அதற்கு முன்னால் வழக்கமான ரத்தப் பரிசோதனை. ஊசி குத்திய பெண்ணிடம் வாலு, "எடுத்த ரத்தத்த எப்பத் திருப்பித் தருவீங்க?" என்று கேட்டாள். ஒன்பது வயது. தொண்டைதான் வலிக்கிறது, வாய்க்கு ஒன்றும் இல்லை.

வீட்டுக்குள் நுழைந்ததும் டீச்சர், "ஷூவக் கழட்டு, கையக் கழுவு" என்றாள். மழலைப் பள்ளியில் இருபத்தைந்து பிள்ளைகளை மேய்த்துவிட்டு வருகிற என் மனைவிக்கு வீட்டிலும் அதே குரல்தான். யாரிடம் சொன்னாள் என்று தெரியவில்லை. அப்பாவும் மகளும் இரண்டு பேருமே கழுவினோம்.

மார்ச் 7, வெள்ளி

டான்சில் டாக்டரே போன் செய்தார். ஆபரேஷனைத் தள்ளி வைக்கலாமாம். ஈரல் சம்பந்தப்பட்ட கணக்கு ரத்தத்தில் இருக்க வேண்டியதைப் போல நான்கு மடங்கு இருக்கிறதாம். "பதறாதீங்க. காய்ச்சல்லகூட ஏறும். ஆனா குழந்தைங்க ஈரல் டாக்டர் ஒருத்தரப் பாத்துடுங்க."

அப்போது நான் லிஃப்ட் குழிக்குள் நின்றிருந்தேன். மேலே இருந்து மீசை, "சிக்னல் கிடைக்குதா தம்பி?" என்றார். கிடைத்தது. நன்றாகக் கிடைத்தது.

ஈரல்.

ஆறு வருஷமாக எங்கள் வீட்டில் யாரும் இந்தச் சொல்லைச் சொன்னதில்லை.

மார்ச் 8, சனி

வேலைக்குப் போகவில்லை. டீச்சரிடம் சொன்னேன். அவள் வாலுவைக் கூப்பிட்டு, ஜன்னல் பக்கம் நிறுத்தி, கண்ணின் கீழ் இமையை இழுத்துப் பார்த்தாள். வெள்ளையாகத்தான் இருந்தது. "என்னம்மா?" என்றாள் வாலு. "தூசி" என்றாள் டீச்சர்.

மார்ச் 11, செவ்வாய்

குழந்தைகள் ஈரல் பிரிவு செவ்வாய்க்கிழமை மட்டும்தான். பச்சை நாற்காலிகள். எதிரே மஞ்சளாக ஒரு கைக்குழந்தை. அதன் அம்மா யாரையும் பார்க்கவில்லை.

ஈரல் டாக்டர் என்னைவிட வயதில் சின்னவர். நெடுநேரம் கேட்டார், கொஞ்ச நேரம் பேசினார். "இவளுக்குக் கூடப் பிறந்தவங்க?"

நானும் டீச்சரும் ஒரே நேரத்தில் வாயைத் திறந்தோம். டீச்சர்தான் சொன்னாள். "ஒரு அக்கா. ஆறு வருஷம் முன்னால... மஞ்சள் காமாலை."

டாக்டர் பேனாவைக் கீழே வைத்தார். "எத்தன நாள்ல?"

"எட்டு நாள்."

"ஃபைல் இருக்கா?"

இல்லை என்று நான் சொல்வதற்குள் டீச்சர், "இருக்கு" என்றாள். அதை அவள் எறிந்துவிட்டதாக அல்லவா நான் நினைத்திருந்தேன்? எறியச் சொல்லி அவளிடம் கொடுத்தேன். துணி அலமாரியில், குளிர்காலக் கம்பளிக்கு அடியில் ஆறு வருஷமாக வைத்திருக்கிறாள்.

மார்ச் 12, புதன்

டாக்டரிடம் சொன்னதை இங்கேயும் எழுதிவிடுகிறேன். எழுதாமலே இத்தனை நாள் ஓட்டியாயிற்று.

பெரியவளுக்குப் பத்து முடிய இரண்டு மாதம் இருந்தது. பள்ளி விடுமுறைக்கு என் அக்கா வீட்டில் இருந்தாள். அக்கா என்னைவிட ஏழு வயது மூத்தவள். கல்யாணம் வேண்டாம் என்று இருந்துவிட்டாள். பதினெட்டு வருஷம் ஒரே மருந்துக் கடையில் வேலை. டாக்டர் கையெழுத்து எப்பேர்ப்பட்ட கிறுக்கலாக இருந்தாலும் படித்துவிடுவாள் என்று பெயர். பெரியவளுக்கு அத்தை என்றால் உயிர்.

அங்கே காய்ச்சல் வந்தது. அக்கா கடையிலிருந்து காய்ச்சல் மருந்து கொண்டுவந்து இரண்டு நாள் கொடுத்தாள். மூன்றாம் நாள் கண் மஞ்சள். நான்காம் நாள் மருத்துவமனை. சிறுநீர் தேயிலைத் தண்ணீர் நிறத்தில் போனது. உதடு வெளுத்தது. ஆறாம் நாள் யார் வந்திருக்கிறார்கள் என்று அவளுக்குத் தெரியவில்லை. எட்டாம் நாள்...

அங்கே இருந்த டாக்டர்கள் திரும்பத் திரும்பக் கேட்டார்கள். என்ன சாப்பிட்டாள், என்ன மருந்து கொடுத்தீர்கள். கிருமிச் சோதனை ஒன்றிலும் எதுவும் இல்லை. கடைசியில் கொடுத்த தாளில் "மருந்தின் விளைவாக இருக்கலாம்" என்று எழுதியிருந்தது. இருக்கலாம். நான் அந்த "லாம்"ஐப் படிக்கவே இல்லை.

அவள் போன பதிமூன்றாம் நாள் மத்தியானம் நேராக மருந்துக் கடைக்குப் போனேன். ஏழெட்டுப் பேர் மருந்து வாங்க நின்றிருந்தார்கள். அத்தனை பேர் முன்னால் கத்தினேன். என்ன கத்தினேன் என்று வார்த்தைக்கு வார்த்தை ஞாபகம் இருக்கிறது. அதை மட்டும் இங்கே எழுத மாட்டேன். அக்கா கையில் இருந்த மாத்திரை அட்டையைக் கத்தரித்தபடியே நின்றாள்.

அன்றோடு சரி. வீடு மாறினோம். அவளுக்கு வேலை போய்விட்டதாகக் கேள்விப்பட்டேன். போகட்டும் என்று நினைத்தேன். அப்படித்தான் நினைத்தேன்.

மார்ச் 18, செவ்வாய்

டாக்டர் சந்தேகப்படும் நோயின் பெயர் இன்று தெரிந்தது. டாக்டர் சொன்ன நீளமான பெயரைத் தாளில் எழுதித் தரச் சொன்னேன். என் வாயில் நுழையவில்லை. வாலு ஒரே தடவையில் சொல்லிவிட்டாள்.

டாக்டர் சொன்னதை எனக்குப் புரிந்த மாதிரி எழுதுகிறேன். நாம் சாப்பிடுகிற எல்லாவற்றிலும் துளித்துளியாகச் செம்பு இருக்கிறதாம். உடம்பு வேண்டியதை எடுத்துக்கொள்ளும். மிச்சத்தை ஈரல் பித்தத்தோடு வெளியே தள்ளிவிடும். இந்தப் பிள்ளைகளுக்கு அந்தத் தள்ளுகிற வேலை பிறப்பிலேயே நடக்காது. செம்பு ஈரலில் சேர்ந்துகொண்டே போகும். வருஷக்கணக்கில் வெளியே ஒன்றும் தெரியாது. ஓடும், ஆடும், பள்ளிக்கூடம் போகும். ஒரு நாள் ஈரல் கையை விரித்துவிடும்.

கண் டாக்டர் வாலுவின் கண்ணைப் பெரிய கருவியில் பார்த்தார். செம்பு கண்ணில் வளையம் கட்டுமாம். வாலுவுக்கு வளையம் இல்லை. நான் மூச்சு விட்டேன். உடனே ஈரல் டாக்டர், "சின்னப் பிள்ளைங்களுக்குப் பல தடவ இருக்காது. இல்லாததால நோய் இல்லன்னு அர்த்தமில்ல" என்றார். விட்ட மூச்சைத் திரும்ப வாங்கிக்கொண்டேன்.

இனி ஒரு நாள் முழுக்கச் சிறுநீர் பிடித்துக் கொடுக்க வேண்டும், எவ்வளவு செம்பு போகிறது என்று பார்க்க.

மார்ச் 20, வியாழன்

சிறுநீர் பிடிக்கும் நாள். வாலு பள்ளிக்கு விடுப்பு. கேன் மேல் "இது ஜூஸ் இல்லை" என்று எழுதி ஒட்டியிருக்கிறாள். டீச்சர் சிரித்தாள். பிறகு குளியலறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டாள். நெடுநேரம் தண்ணீர் ஓடியது.

மார்ச் 25, செவ்வாய்

உறுதி. அந்த நோய்தான்.

இன்னும் ஈரல் கெடவில்லை. அதைத்தான் டாக்டர் மூன்று தடவை சொன்னார். "இப்பவே கண்டுபிடிச்சுட்டோம். மாத்திரை போட்டா இவ வளருவா, படிப்பா, வேலைக்குப் போவா. ஆனா ஒரு நாள்கூட விடக் கூடாது. வாழ்நாள் முழுக்க."

"கல்யாணத்தன்னிக்குமா?" என்றாள் வாலு.

"கல்யாணத்தன்னிக்கும்."

"அப்ப மாப்பிள்ளைக்கு முன்னாலயே சொல்லிடணும்."

காலையில் எழுந்ததும் வெறும் வயிற்றில் ஒன்று. ஒரு மணி நேரம் எதுவும் வாயில் வைக்கக் கூடாது. மாலையிலும் அப்படியே. சாக்லேட், காளான், கொட்டைப் பருப்புகள், ஆட்டு ஈரல் கிடையாது. சாக்லேட் என்று படித்ததும் வாலுவின் முகம் போன போக்கை... நோயின் பெயருக்குக்கூட அவள் அப்படி வாடவில்லை.

அவளை வெளியே நர்ஸிடம் அனுப்பிவிட்டு டாக்டர் பழைய ஃபைலை எடுத்தார். பெரியவளுடையது. ஓர் இடத்தில் விரலை வைத்தார். "மூணே நாள்ல ரத்த அளவு பதினொண்ணுலேர்ந்து ஆறுக்கு வந்திருக்கு. ஈரல்ல சேர்ந்ததெல்லாம் ஒரேயடியா ரத்தத்துல கொட்டினா அணுக்கள் உடையும். சிறுநீர் அதனாலதான் அந்த நிறம்."

"காய்ச்சல் மருந்தால...?"

"காய்ச்சல் மருந்து ஈரலக் கெடுத்தா இப்படி ரத்தம் உடையாது, அப்பா."

அந்த ஆஸ்பத்திரியில் எல்லோரும் என்னை "அப்பா" என்றுதான் கூப்பிடுகிறார்கள். இன்று அது குற்றவாளியைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டது போல இருந்தது.

"இது என்ன கையெழுத்து?" என்று ஒரு தாளைக் காட்டினார். என்னுடையது. பெரியவள் போன அன்று, ஈரலில் ஊசி விட்டுச் சின்னத் துணுக்கு எடுத்துச் சோதிக்கச் சம்மதம். எதற்கென்று படிக்காமல் போட்டேன். அன்று எதை நீட்டினாலும் போட்டிருப்பேன். "இதோட முடிவு ஃபைல்ல இல்லையே. நீங்க வாங்கலையா?"

வாங்கவில்லை. அப்படி ஒன்று வரும் என்றே எனக்குத் தெரியாது.

ஏப்ரல் 2, புதன்

ஆறரைக்கு மாத்திரை. ஏழரை வரை வாலு என் பின்னாலேயே சுற்றுகிறாள். "பசிக்குது. பசிக்குது. இப்ப பசி ரெண்டு மடங்கு."

ஏப்ரல் 9, புதன்

பழைய மருத்துவமனைக்குப் போய்வந்தேன். ஆறு வருஷமாக அந்தத் தெருவில் வேலை வந்தால் மீசையைத்தான் அனுப்புவேன்.

ஆவண அறை அடித்தளத்தில். கண்ணாடிக்குப் பின்னால் ஒரு அம்மாள். எனக்கு முன்னால் பதினோரு பேர். என் முறை வந்ததும் பெரியவளின் எண்ணைச் சொன்னேன். பார்க்காமலே சொன்னேன், அந்த எண் மறக்கவில்லை. உள்ளே போனவர் அரை மணி கழித்துப் பழுப்பு உறை ஒன்றோடு வந்தார். "இது உங்களுக்குத் தபால்ல அனுப்பினது. திரும்பி வந்திருக்கு." உறையின் மேல் எங்கள் பழைய முகவரி. குறுக்கே "இங்கே இல்லை" என்று யாரோ எழுதிய எழுத்து.

அங்கேயே, படிக்கட்டில் உட்கார்ந்து பிரித்தேன்.

"ஈரலில் நாள்பட்ட தழும்புகள். பல ஆண்டுகளாக நீடித்த பாதிப்பு. பரம்பரை நோய்க்கான சாத்தியம் உண்டு. உடன்பிறந்தவர்களைப் பரிசோதிக்கவும்."

பல ஆண்டுகளாக.

உடன்பிறந்தவர்களைப் பரிசோதிக்கவும்.

தேதி, அவள் போன பதினாறாம் நாள். நான் கடையில் நின்று கத்தியதற்கு மூன்று நாள் கழித்து. மூன்றே நாள் பொறுத்திருந்தால்? இல்லை, பொறுத்திருந்தாலும் போய் வாங்கியிருக்க மாட்டேன். எனக்குத்தான் எல்லாம் தெரியுமே.

அப்போது வாலுவுக்கு மூன்று வயது. அன்றே தெரிந்திருந்தால் ஆறு வருஷம் முன்பே மாத்திரை. இந்த ஆறு வருஷத்தில் ஒரு நாள், எந்த நாளாக வேண்டுமானாலும் இருந்திருக்கலாம்...

எழுத முடியவில்லை.

ஏப்ரல் 10, வியாழன்

டீச்சர் படித்தாள். இரண்டு தடவை. பிறகு சொன்னது இது மட்டும்: "நான் அன்னைக்கே சொன்னேன். அண்ணி மேல போடாதீங்கன்னு."

சொன்னாள். ஆமாம். சொன்னாள்.

ஏப்ரல் 15, செவ்வாய்

டாக்டர் உறையைப் படித்துவிட்டு, அந்தத் துணுக்கு இன்னும் அங்கே இருக்கும் என்றார். மெழுகுக் கட்டியில் பதித்துப் பத்து வருஷத்துக்கு மேலும் வைத்திருப்பார்களாம். அதிலிருந்தே மரபணு பார்க்கலாம். எனக்கும் டீச்சருக்கும் வாலுவுக்கும் ரத்தம் எடுத்தார்கள்.

என் மகளில் ஒரு துணுக்கு இந்த ஊரில் ஏதோ ஓர் இழுப்பறையில் இருந்துகொண்டிருக்கிறது. அரிசி அளவுகூட இல்லையாம். வேலைக்குப் போகிற வழியெல்லாம் அதையே நினைத்துக்கொண்டு போனேன்.

ஏப்ரல் 24, வியாழன்

இன்று ஒரு ஆளைக் கொன்றிருப்பேன்.

குடியிருப்புக் கட்டடம், மூன்றாவது மாடி. லிஃப்ட் மேலே நிற்கிறது, நான் வெளிக் கதவைத் திறந்து வைத்திருக்கிறேன். தடுப்புப் பலகை வைக்கவில்லை. இருபது வருஷத்தில் ஒரு தடவை மறந்ததில்லை. தொலைபேசியைப் பார்த்துக்கொண்டே ஒருவர் வந்து, கதவு திறந்திருக்கிறது என்று காலை எடுத்து வைக்கப் போனார். மீசை பாய்ந்து அவர் சட்டையைப் பிடித்து இழுத்தார். சட்டை கிழிந்தது. அந்த மனிதர் எங்களைத் திட்டினார். திட்டட்டும். உயிரோடு திட்டினார்.

மீசை என்னைத் தனியே கூட்டிப்போய், "தம்பி, வீட்டுக்குப் போ. நீ உடம்ப மட்டும் அனுப்பிட்டு எங்கயோ இருக்க" என்றார்.

"அலுப்பு, அண்ணே."

"அலுப்பு எனக்கும்தான். உனக்கு இருக்கறது வேற என்னமோ."

அவருக்கு எல்லாம் சொன்னேன். கருவிப் பெட்டி மேல் உட்கார்ந்து கேட்டார். முடிந்ததும் எழுந்து தூசியைத் தட்டினார். "அக்காகிட்டச் சொல்லியாச்சா?"

மரபணு முடிவு வரட்டும் என்றேன்.

"ஓ" என்றார். அந்த ஒற்றை எழுத்துக்கு அவரை நான் மன்னிக்கப் போவதில்லை.

மே 6, செவ்வாய்

வந்துவிட்டது.

ஒரே மரபணுவில் கோளாறான பிரதி ஒன்று என்னிடம். ஒன்று டீச்சரிடம். எங்கள் இரண்டு பேருக்கும் நல்ல பிரதியும் ஒன்று இருப்பதால் எங்களுக்கு ஒன்றும் இல்லை. இரண்டு கோளாறும் ஒரே பிள்ளையிடம் போய்ச் சேர்ந்தால் நோய். ஒவ்வொரு பிள்ளைக்கும் நாலில் ஒரு பங்கு வாய்ப்பு. எங்களுக்கு இரண்டு பிள்ளைகள், இரண்டு பேருக்கும். மெழுகுக் கட்டியிலும் அதே இரண்டு.

"அப்ப என் அக்கா கொடுத்த மருந்து?"

"அதுக்கும் இதுக்கும் சம்பந்தமில்ல" என்றார் டாக்டர். "காய்ச்சலுக்கு அதுதான் குடுப்போம். நானும் அதத்தான் குடுத்திருப்பேன்."

எழுதித் தரச் சொன்னேன். ஏன் என்று கேட்காமல் எழுதிக் கொடுத்தார்.

பஸ்ஸில் டீச்சர் ஜன்னலைப் பார்த்துக்கொண்டே, "பாதி நான், பாதி நீங்க" என்றாள். "இனிமே வெளிய யாரையும் தேட வேண்டாம்." கொஞ்ச நேரம் கழித்து என் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். எத்தனை வருஷமாயிற்று.

மே 9, வெள்ளி

இன்றும் அக்காவிடம் போகவில்லை. அவசர அழைப்பு என்று ஒரு காரணம்.

மே 10, சனி

"நாளைக்கு நீங்க போகலேன்னா நான் போறேன்" என்றாள் டீச்சர். மழலைப் பள்ளிக் குரல் இல்லை.

மே 11, ஞாயிறு

முதலில் மருந்துக் கடைக்குப் போனேன். கத்திய இடத்திலேயே சொல்லிவிட்டுப் போவது முறை என்று எனக்கு நானே சமாதானம். உண்மை என்னவென்றால் அக்காவைவிடக் கடைக்காரர் சுலபம்.

அதே கல்லா, அதே கடைக்காரர், தலை மட்டும் நரைத்துவிட்டது. என்னைப் பார்த்ததும் அடையாளம் தெரிந்து எழுந்து நின்றார், இன்னொரு தடவை கத்தப் போகிறேன் என்று. கடிதத்தை நீட்டினேன். "உங்க கடை மருந்தால இல்ல. எங்க அக்காவால இல்ல. நான் சொன்னது தப்பு. அவங்கள நீங்க வேலைய விட்டு அனுப்பினதுக்கு நான்தான் காரணம்."

கண்ணாடியைப் போட்டுக்கொண்டு முழுதாகப் படித்தார். மடித்துத் திருப்பிக் கொடுத்தார்.

"நான் அனுப்பலையே."

"என்னது?"

"நீங்க கத்திட்டுப் போனதுக்கு மறுநாளும் வந்தாங்க. ஒரு சின்னக் குழந்தைக்கு மருந்து எடுக்கச் சொன்னேன். அளவு மூடியக் கையில வெச்சுக்கிட்டு நிக்கறாங்க, ஊத்தல. 'என்னால இனிமே இன்னொருத்தர் பிள்ளைக்கு மருந்து எடுத்துக் குடுக்க முடியாதுங்க'ன்னு சாவிய வெச்சுட்டுப் போயிட்டாங்க. நான் நாலு தடவ வீட்டுக்குப் போய்க் கூப்பிட்டேன். வரல." கடைக்காரர் கல்லா மேல் இருந்த எதையோ நகர்த்தி வைத்தார். "நீங்க சொன்னத அவங்க நம்பிட்டாங்க, தம்பி."

அங்கிருந்து எப்படி வெளியே வந்தேன் என்று தெரியாது. இத்தனை நாளும் என் மேல் கோபமாக எங்கோ இருக்கிறாள் என்றுதான் நினைத்திருந்தேன். கோபமாக இருந்திருந்தால் எவ்வளவோ தேவலையே அக்கா. என்னைத் திட்டிக்கொண்டாவது இருந்திருக்கக் கூடாதா. நீ போய் ஏன் அதை நம்பினே?

மே 12, திங்கள்

போனேன்.

ஒரு ஹோட்டலின் சலவைப் பிரிவில் படுக்கை விரிப்பு இஸ்திரி போடுகிறாள். கேட்டுத் தெரிந்துகொண்டு வேலை முடிகிற நேரத்துக்கு வீட்டுக்குப் போனேன். மாடியில் ஒற்றை அறை. கதவைத் திறந்தவள் என்னை ஏற இறங்கப் பார்த்தாள். முன்கையில் சூட்டுத் தழும்பு இரண்டு மூன்று. முடி பாதி வெள்ளை.

"யாரு செத்தது?" என்றாள்.

ஆறு வருஷம் கழித்து நான் வாசலில் நின்றால் அவளுக்கு வேறு எதுதான் தோன்றும்.

"யாரும் இல்லக்கா."

"அப்ப ஏன் வந்த?"

வழியெல்லாம் தயார் செய்துகொண்டு வந்த பேச்சு ஒன்று இருந்தது. அதற்குப் பதில் உறையை நீட்டினேன். உள்ளே கூப்பிடவில்லை, நின்றபடியே படித்தாள். விளக்கம் எதுவும் அவளுக்குத் தேவைப்படவில்லை, டாக்டர்கள் எழுதுவதை ஆயுசு முழுக்கப் படித்தவள். முதல் தாள், இரண்டாம் தாள், டாக்டர் கடிதம். மறுபடி முதல் தாள்.

"நாள்பட்ட தழும்பு" என்று வாய்விட்டுச் சொன்னாள். "அப்ப என்கிட்ட வர்றதுக்கு முன்னாலயே..."

"ஆமாக்கா. பிறந்ததுலேர்ந்தே."

தேதியைப் பார்த்தாள். "இது எப்ப வந்துது?"

"அவ போயி பதினாறாம் நாள். நான் போய் வாங்கல."

கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு மெல்லப் படியில் உட்கார்ந்தாள். அழவில்லை. தாளை மடியில் வைத்து உள்ளங்கையால் நீவிக்கொண்டே இருந்தாள், சுருக்கம் ஒன்றும் இல்லாத தாளை. நான் கீழ்ப்படியில் நின்றேன். கீழே யாரோ சைக்கிளுக்குக் காற்றடித்துக்கொண்டிருந்தார்கள்.

பிறகு தலையை நிமிர்த்தினாள். "சின்னவளுக்கு?"

சொன்னேன்.

"என்ன மாத்திரை? எத்தன மில்லிகிராம்? சாப்பாட்டுக்கு எவ்வளவு நேரம் முன்னால?" ஒவ்வொன்றாகக் கேட்டாள். எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன். "கூட வேற என்ன குடுக்கறீங்க?"

"வேற ஒண்ணும் இல்ல. டாக்டர் குடுத்த வைட்டமின் ஒண்ணு. அப்புறம் அவ அம்மா ஒரு சத்து டானிக் குடுக்கறா, ஒல்லியா இருக்கான்னு."

"டாக்டருக்குத் தெரியுமா?"

"டானிக்தானேன்னு சொல்லல."

"அதோட அட்டைல என்ன எழுதியிருக்குன்னு படிச்சியா?"

படிக்கவில்லை.

"போய்ப் படி. தாதுச் சத்துன்னு போட்டு அதுல செம்பும் கலந்திருப்பான். இரும்பு இருந்தா மாத்திரைய வேலை செய்ய விடாது. இன்னைக்கே நிறுத்து. டாக்டர்கிட்டச் சொல்லு." எழுந்தாள். தாள்களை உறைக்குள் போட்டுக் கொடுத்தாள், டாக்டர் கடிதத்தை மட்டும் வைத்துக்கொண்டு. கதவைச் சாத்திவிட்டாள்.

மன்னிச்சுடு என்று சொல்லத்தான் போனேன். சொல்ல இடமே கிடைக்கவில்லை.

வீட்டுக்கு வந்து டானிக் பாட்டிலைக் கவிழ்த்துப் பார்த்தேன். எறும்பு எழுத்து. ஏழாவது வரியில் செம்பு.

மே 13, செவ்வாய்

டாக்டரிடம் பாட்டிலைக் காட்டினோம். அவர் தலையில் கை வைத்துக்கொண்டார். "நான் கேட்டிருக்கணும். கணக்கு ஏன் எதிர்பார்த்த அளவு இறங்கலன்னு யோசிச்சுக்கிட்டே இருந்தேன். யாரு கண்டுபிடிச்சது?"

"நாத்தனார்" என்றாள் டீச்சர். "மருந்துக் கடைல இருந்தவங்க." இருந்தவங்க என்று சொல்லும்போது என்னைப் பார்க்கவில்லை.

மே 20, செவ்வாய்

டீச்சருக்கு அக்கா போன் செய்திருக்கிறாள். மாத்திரை, சாப்பாடு, தோலில் தடிப்பு வருகிறதா, காய்ச்சல் அடிக்கிறதா என்று வரிசையாகக் கேள்வி. நான் அறைக்குள் வந்ததும் டீச்சர் போனை என் கையில் திணித்துவிட்டுப் போய்விட்டாள்.

"அக்கா."

பின்னால் இயந்திரங்களின் சத்தம்.

"கடைக்கு ஏன் போன?" என்றாள் கடைசியில். "யாரு உன்ன அங்க போய் எனக்கு நல்ல பேரு வாங்கித் தரச் சொன்னது?"

"நான் கத்தினது அங்கதானேக்கா."

"நீ கத்தினத நான் ஒரு மாசத்துல மறந்திருப்பேன்டா. பிள்ளையப் பறிகொடுத்தவன் கத்தத்தான் செய்வான். நான் நம்பினேன் பாரு. ஆறு வருஷம்... தினமும் அந்த மூடில அளந்து அளந்து பாத்துக்கிட்டேன், தெரியுமா. கூட ஊத்திட்டேனா, கூட ஊத்திட்டேனான்னு." நிறுத்தினாள். "வேலை கெடக்கு. வைக்கறேன்."

கம்பெனியில் இன்று இரண்டு லிஃப்ட். என்ன செய்தேன் என்று நினைவில்லை. மீசை பார்த்துக்கொண்டார்.

ஜூன் 3, செவ்வாய்

வாலுவின் கணக்கு இறங்கியிருக்கிறது. பாதிக்கும் கீழே. டாக்டர் முதல் தடவையாகப் பல் தெரியச் சிரித்தார். சாக்லேட் பற்றி வாலு விண்ணப்பம் வைத்தாள். தள்ளுபடி.

ஜூன் 19, வியாழன்

அலுப்பு. ஆறரைக்கு மாத்திரை, ஏழரைக்குச் சாப்பாடு, எட்டுக்கு வேலை. இனி எல்லா நாளும் இப்படித்தான் என்பதே ஒரு அலுப்பு. ஆனால் அந்த "எல்லா நாளும்" நீளமாக இருக்கட்டும்.

ஜூலை 1, செவ்வாய்

மருந்துக் கடைப் பக்கம் வேலை இருந்தது. எதிர்ச் சாரியில் நடந்தபடி பார்த்தேன். அக்கா இல்லை. கடைக்காரர் கூப்பிட்டிருக்கிறாராம், டீச்சர் சொன்னாள். யோசிக்கிறேன் என்றாளாம். நான் எதுவும் கேட்கக் கூடாது என்று உத்தரவு.

ஜூலை 15, செவ்வாய்

மருத்துவமனைக்குப் போனால் பச்சை நாற்காலியில் அக்கா உட்கார்ந்திருக்கிறாள். டீச்சர் நாள் சொல்லியிருக்கிறாள். என்னிடம் மூச்சு விடவில்லை. அக்கா சலவைக்கூடத்தில் விடுப்பு வாங்கி வந்திருந்தாள். என்னைப் பார்த்துத் தலையை அசைத்தாள். அவ்வளவுதான். நான் இரண்டு நாற்காலி தள்ளி உட்கார்ந்தேன்.

வாலு நடுவில் போய் ஏறிக்கொண்டாள். மூன்று வயதில் பார்த்தது, அவளுக்கு எதுவும் ஞாபகம் இல்லை.

"நீங்க யாரு?"

"உங்க அப்பாவோட அக்கா."

விரலை மடக்கி உறவைக் கணக்குப் போட்டாள். "அப்ப எனக்கு அத்தை. நெஜ அத்தையா?"

"நெஜ அத்தைதான்."

"அப்ப இத்தன நாளா எங்க போயிருந்தீங்க?"

நான் தரையைப் பார்த்தேன். தரையில் மஞ்சள் கோடு ஒன்று ரத்தம் எடுக்கும் அறைக்குப் போகிறது. அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். சொல்லட்டும். என்ன சொன்னாலும் தகும்.

"வேலை இருந்துச்சு கண்ணு" என்றாள் அக்கா.

வாலு அதை ஒப்புக்கொண்டாள். பையிலிருந்து மாத்திரை அட்டையை எடுத்து, ஒவ்வொரு குழியாகத் தொட்டுக் காட்டி, எது காலை எது மாலை என்று அத்தைக்குச் சொல்லிக்கொடுக்க ஆரம்பித்தாள். அக்கா அட்டையை வாங்கவில்லை. கையை மடியிலேயே வைத்துக்கொண்டு, குனிந்து கேட்டாள். வாலு அட்டையை அவள் கையில் வைத்துவிட்டுத் தண்ணீர் குடிக்கப் போனாள். அக்கா சற்று நேரம் அதைப் பார்த்தாள். பிறகு திருப்பி, பின்பக்கம் அச்சடித்திருந்த காலாவதித் தேதியைப் படித்தாள்.

அடுத்த செவ்வாய் எனக்கு வேலை, டீச்சருக்குப் பள்ளிக்கூடம். அத்தைதான் கூட்டிவருவாளாம். வாலு முடிவு செய்துவிட்டாள். யாரும் மறுக்கவில்லை.